ஜல் மக்சியில் பள்ளிக்கூடம் திறந்தது யார்? கணக்குப்பிள்ளை பதில் சொல்லட்டும்

கரிசல்காடு:
பாகிஸ்தான் மாகாணங்கள் பற்றிய இழையில் நேற்று ராத்திரி கணக்குப்பிள்ளை உதிர்த்த முத்து இது. ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்: "பலூச்சிஸ்தானுக்குப் பள்ளிக்கூடம் என்ற ஒன்றே வெள்ளைக்காரன் கொடுத்தது. சர்தார்களில் ஒருத்தன்கூட ஒரு பள்ளி திறந்தது கிடையாது." இதற்கு அங்கே கைதட்டு வேறு. அந்த இழையில் இப்போது கிரிக்கெட் ஓடுவதால் தனி இழை திறக்கிறேன்.

சர்தார் என்றால் பலூச் குலத் தலைவர். அவர்களில் ஒருத்தன்கூட இல்லையாம்! ஜல் மக்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தக் காலத்தில் கலாத் சமஸ்தானத்து மன்னரான கானின் ஆட்சிக்கு உட்பட்ட கச்சி சமவெளி. கோடையில் காக்கைகூடப் பறக்க யோசிக்கிற இடம். அங்கே மக்சி குலத்தின் தலைவர் நவாப் யூசுப் அலி கான். யூசுப் அஜீஸ் மக்சி என்ற பெயரில் எழுதியவர். 1908இல் பிறந்தவர், 27 வயதில் போய்ச் சேர்ந்தார். அதற்குள், 1930களின் தொடக்கத்திலேயே, தன் ஊரில் ஜாமியா யூசுபியா என்று ஒரு பள்ளியைத் திறந்து, குலத்துப் பிள்ளைகள் படித்தே தீரவேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

ஒரே கேள்வி. அந்தப் பள்ளியைத் திறந்தவர் சர்தாரா, இல்லையா? ஆம், இல்லை என்று சொன்னால் போதும். கட்டுரை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டார் ஐயா. ரயில் இழையில் வாங்கியது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

"ஒருத்தன்கூட" என்பது பேச்சுக்குச் சொல்வது. ஊரே திரண்டு வந்தது என்று சொன்னால் போய்த் தலை எண்ணுவீர்களா? ஒரு நவாப் ஒரு பள்ளி திறந்தார். அதை வைத்துக்கொண்டு சர்தார்கள் எல்லாம் கல்விக் கண் திறந்த மகான்கள் என்று கோயில் கட்டப் பார்க்கிறீர்கள்.

பெயர் சொல்லும்படி வந்த பலூச்களைப் பாருங்கள். நுஷ்கிக்காரர் குல் கான் நசீர். கவிஞர், 1972இல் மாகாண முதல்வர் அத்தாவுல்லா மெங்கல் ஆட்சியில் கல்வி அமைச்சர். நால் ஊர்க்காரர் கௌஸ் பக்ஷ் பிசெஞ்ஜோ, அதே வருடம் மாகாண ஆளுநர். இருவரும் படித்தது எங்கே? தலைநகர் குவெட்டாவில், வெள்ளைக்கார அதிகாரி பெயர் தாங்கிய சண்டேமன் உயர்நிலைப் பள்ளியில். யார் ஆட்சியில் வந்தது என்று பெயரே சொல்லவில்லையா? உங்கள் ஜாமியா யூசுபியாவில் படித்து அமைச்சரானவர் ஒருவரைச் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கரிசல்காடு:
கேட்டது ஆம் அல்லது இல்லை. வந்தது குவெட்டா. கணக்குப்பிள்ளைக்கு ஜல் மக்சி என்று தட்டச்சு செய்யவே கை வரவில்லை, கவனியுங்கள்.

சரி, குவெட்டாவுக்கே போவோம். ராபர்ட் சண்டேமன் என்ன பள்ளி வாத்தியாரா? 1876இல் மஸ்துங்கில் கலாத் கானையும் சர்தார்களையும் உட்காரவைத்து உடன்பாடு செய்து, பிரிட்டிஷ் பிடியை உறுதியாக்கியவர். அவர் பெயரால் ஒரு முறையே உண்டு. சர்தாருக்கு மானியப் பணம் கொடு, அவன் ஆட்களை லெவி என்ற உள்ளூர்க் காவல்படையில் சேர்த்துச் சம்பளம் கொடு, வழக்கு வந்தால் ஜிர்கா என்ற சர்தார்களின் பஞ்சாயத்து தீர்க்கட்டும், அவர்களை நீ பார்த்துக்கொள். குலத்து ஆட்கள் கோபித்துக்கொண்டால் ஆட்டம் காணக்கூடிய நிலையில் இருந்த சர்தாரை அசைக்க முடியாத ஆளாக ஆக்கியது அந்த ஏற்பாடுதான். ஆளாக்கியதும் அவர்கள், இன்று "சர்தார் பள்ளியை விடவில்லை" என்று அழுவதும் அவர்களின் ரசிகர்கள்.

ரயில் என்றீர்களே, நல்லது. 1879-80இல் ஆப்கன் போருக்காக ருக்கிலிருந்து சிபி வரை 133 மைல் தண்டவாளத்தை 101 நாளில் போட்டார்கள். பட்டாளத்துக்கு வேண்டும் என்றால் 101 நாள். குழந்தைக்குப் பள்ளி என்றால் தலைமுறைக் கணக்கு. அந்தக் குவெட்டாப் பள்ளிக்கூடத்தில் ஆரம்ப காலத்தில் யார் பிள்ளைகள் இருந்தார்கள்? பெரும்பாலும் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் பட்டாளம், ரயில்வே, கடை என்று வந்தவர்களின் பிள்ளைகள். மலையில் ஆடு மேய்த்த பலூச் பையன் அங்கே எப்படிப் போவான்? நடந்தா?

ஜல் மக்சியில் பள்ளி பிள்ளைகளின் ஊருக்கே வந்தது. திறந்தவர் சர்தார். இன்னும் பதில் வரவில்லை.

மஸ்கட் ரவி:
அண்ணன்மாரே, நடுவில் ஒரு வார்த்தை. நான் ரொம்ப வருடமாக மஸ்கட்டில் இருக்கிறேன். மத்ரா பக்கம் வீட்டில் பலூச்சி பேசுகிற குடும்பங்கள் நிறைய. பலூச் கடற்கரையில் உள்ள குவாதர் 1958 வரை இந்த ஊர் சுல்தான் கையில்தான் இருந்தது, பாகிஸ்தான் 30 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்த சுல்தான் சயீத் பின் தைமூரை 1970இல் மகன் காபூஸ் இறக்கியபோது ஓமன் முழுவதிலும் நவீனப் பள்ளி மூன்றே மூன்று. சொந்த நாட்டுக்கே அவ்வளவுதான் என்றால் கடல் தாண்டிய குவாதருக்கு என்ன கிடைத்திருக்கும்? பலூச் கடற்கரையில் பள்ளி வராததற்குச் சர்தாரும் வெள்ளைக்காரனும் மட்டும் காரணமில்லை என்று சொல்லவந்தேன், அவ்வளவுதான்.

கரிசல்காடு:
ரவி தம்பி, நல்ல தகவல். அந்த சுல்தானை நாற்காலியில் காப்பாற்றி வைத்திருந்தது யார்? பிரிட்டிஷ். ஆக இதுவும் என் பக்கம். ஜல் மக்சிக்கு வருவோம்.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், எல்லாமே உங்கள் பக்கம். வெயில் அடித்தாலும் உங்கள் பக்கம், மழை பெய்தாலும் உங்கள் பக்கம்.

மக்சியைத் தூக்கிவைத்து ஆடுகிறீர்களே, அவரை உள்ளே தள்ளியது யார் என்று சொன்னீர்களா? 1929இல் லாகூர்ப் பத்திரிகையில் பலூச்சிஸ்தானின் நிலை பற்றிக் கட்டுரை எழுதினார். 1930இல் பிடித்தார்கள். விசாரித்தது ஜிர்கா. ஜிர்காவில் உட்கார்ந்திருந்தவர்கள் சர்தார்கள். ஒரு வருடம் காவல், அதற்கு மேல் அபராதம். பள்ளி திறக்கிற மாதிரி ஒருத்தர் வந்ததும் மற்ற சர்தார்கள் எல்லாம் சேர்ந்து அமுக்கப் பார்த்தார்கள். நான் சொன்னதும் இதைத்தானே? நன்றி கரிசல்காடு, என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள்.

கரிசல்காடு:
ஜிர்காவைக் கூட்டியது யார், கணக்குப்பிள்ளை? மக்சியின் கட்டுரை எதைத் தாக்கியது? கலாத்தில் பிரதமராக இருந்த சர் ஷம்ஸ் ஷாவின் ஆட்சியை. 1931இல் அவரைக் கிழித்து ஒரு துண்டுநூலும் வந்தது, பெயரே ஷம்ஸ்கர்தி. அந்த ஷம்ஸ் ஷாவுக்குப் பின்னால் நின்றது குவெட்டாவில் இருந்த வெள்ளைக்கார ஏஜென்ட். மக்சியின் அப்பா கைசர் கானைப் பதவியிலிருந்து இறக்கி முல்தானுக்கு அனுப்பியதும் அதே கூட்டம். கை சர்தாருடையது, கயிறு வெள்ளைக்காரனுடையது.

இன்னும் கேளுங்கள். 1932 டிசம்பரில் ஜேக்கபாபாத்தில் பலூச் மாநாடு கூட்டினார். பள்ளிக்கூடம் வேண்டும் என்பது அங்கே பேசிய முக்கியமான விஷயங்களில் ஒன்று. 1934இல் லண்டன் போனார். திரும்பி வந்தார். 1935 மே 31 விடியற்காலையில் குவெட்டா பூகம்பம். அதோடு முடிந்தது. 27 வயதில் உங்களில் எத்தனை பேர் என்ன கிழித்திருந்தீர்கள்? நான் உட்பட.

கணக்குப்பிள்ளை:
பூகம்பத்தில் இறந்தவரைச் சொல்லி அனுதாபம் வாங்காதீர்கள். லாகூர் எய்ச்சிசன் கல்லூரியை ஏன் தொடவில்லை? 1886இல் தலைவர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே திறந்தது. சர்தார் அக்பர் புக்தி அங்கே, சர்தார் கைர் பக்ஷ் மர்ரி அங்கே. தன் பிள்ளைக்கு எய்ச்சிசன், குலத்தான் பிள்ளைக்கு ஆட்டு மந்தை. ஒரு ஜல் மக்சியை வைத்துக்கொண்டு இதை எப்படி மறைக்கப்போகிறீர்கள்?

எழில்:
இரண்டு பெரியவர்களும் பள்ளிக்கூடம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று யாராவது கேட்டீர்களா? 1880களிலேயே தாதர் அருகே துர்கான் என்ற ஊரில் மௌலவிகள் ஒரு வட்டமாகக் கூடி பிராகுயியிலும் பலூச்சியிலும் நூல் அச்சிட ஆரம்பித்துவிட்டார்கள். மிஷனரிகள் உள்ளூர் மொழியில் பைபிள் பகுதிகளைக் கொண்டுவந்ததற்குப் பதிலடி. ஓதுவது, எழுதுவது, படிப்பது எல்லாம் மசூதித் திண்ணைகளில் நடந்துகொண்டுதான் இருந்தது. அதைக் கணக்கில் எடுத்தால் சர்தாருக்கும் பெருமை இல்லை, சண்டேமனுக்கும் பெருமை இல்லை. இன்னொன்று, இவ்வளவு நேரம் பேசியதில் ஒரு பெண்குழந்தை வரவில்லை.

கரிசல்காடு:
எழில் அம்மா, துர்கான் மதரஸா. இழை பள்ளிக்கூடம் பற்றியது. குழப்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை மறுக்க எனக்கு நேரமில்லை. மதரஸாவுக்குத் தனி இழை திறங்கள்.

எழில்:
ஆகா, ஒற்றுமை. அப்படியானால் ஜாமியா யூசுபியாவில் என்ன பாடம் நடத்தினார்கள் என்று கரிசல்காடு சொல்லட்டும். ஜாமியா என்று பெயர் வைத்தால் அது மட்டும் எப்படிப் பள்ளிக்கூடம் ஆயிற்று, துர்கான் எப்படி ஆகாமல் போயிற்று?

கரிசல்காடு:
கேள்வி அது இல்லை. திறந்தது யார் என்பதுதான் கேள்வி.

திராவிடச் சிங்கம்:
பிராகுயி என்றதும் ஓடி வந்தேன்! பிராகுயி நம் திராவிடக் குடும்பத்து மொழி என்று இந்த இழையில் ஒருத்தருக்கும் சொல்லத் தோன்றவில்லையே. அங்கே நம் உறவு மொழி பேசுகிற பிள்ளைகளுக்கு உருதுவில் பாடம் நடத்துகிறார்கள். இதைப் பேசாமல் சர்தார் சண்டேமன் என்று நேரத்தை வீணாக்குகிறீர்கள். கலாத் கான்களே பிராகுயிகள்தான்!

எழில்:
உறவு மொழிதான், மறுக்கவில்லை. ஆனால் பிராகுயி பேசுகிறவர் தன்னைப் பலூச் என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொள்கிறார். நீங்கள் போய் மாமா மச்சான் என்றால் அவர் முழிப்பார். பிராகுயியில் ஒன்று, இரண்டு, மூன்று தாண்டினால் எண்ணுவதே பக்கத்து மொழிகளில்தான்.

திராவிடச் சிங்கம்:
தமிழச்சியாக இருந்துகொண்டு இப்படிப் பேச எப்படி மனசு வருகிறது?

எழில்:
நான் தமிழச்சி என்று எப்போது சொன்னேன்? நெறியாளர் கவனிக்கவும்.

கரிசல்காடு:
சிங்கம், தாய்மொழி என்று நீங்கள் எடுத்ததால் சொல்கிறேன், கணக்குப்பிள்ளையும் காது கொடுத்துக் கேட்கட்டும். 1990இல் பலூச்சி, பிராகுயி, பஷ்தூ மூன்றையும் தொடக்கப் பள்ளியில் கொண்டுவரச் சட்டம் போட்ட மாகாண ஆட்சிக்கு முதல்வர் யார்? அக்பர் புக்தி. எய்ச்சிசனில் படித்தார் என்று நக்கல் அடித்தீர்களே, அதே புக்தி. அவரும் சர்தார். ஒருத்தன்கூட இல்லை என்றீர்கள், இப்போது இரண்டாயிற்று. 1972 மெங்கல் ஆட்சியில்தான் சர்தாரி முறையையே ஒழிக்க வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் வந்தது. மெங்கல் யார்? சர்தார். மூன்று.

கணக்குப்பிள்ளை:
விரல் விட்டு எண்ணுகிறார் பாருங்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

புக்தி ஊரையே எடுத்துக்கொள்வோம். டேரா புக்தி. அங்கே சுயி என்ற இடத்தில் 1952இல் எரிவாயு கிடைத்தது. 1955இல் கராச்சிக்குக் குழாய் போயிற்று. கம்பெனி அந்த நிலத்துக்கு வாடகை கொடுத்தது. யாருக்கு? தலைவருக்கு. இன்று அந்த மாவட்டம் படிப்பில் எங்கே நிற்கிறது? அடியில். ஜல் மக்சி எங்கே நிற்கிறது? அதுவும் அடியில்தான். மக்சி குடும்பத்திலிருந்து ஜுல்பிகார் அலி மக்சி 1990களில் முதல்வர், 2008 முதல் 2013 வரை ஆளுநர். குடும்பத்தில் ஒருத்தர் 1930களில் கட்டாயக் கல்வி கொண்டுவந்த ஊர் இன்று எதற்குப் பேர்போனது? பாலைவன ஜீப் பந்தயத்துக்கு.

2014இல் தாய்மொழிகளை மறுபடியும் பாடத்தில் சேர்த்துச் சட்டம் கொண்டுவந்தது அப்துல் மாலிக் பலூச் ஆட்சி. அவர் துர்பத்துக்கார டாக்டர். சர்தார் கிடையாது. எழுதிக்கொள்ளுங்கள்.

கரிசல்காடு:
கராச்சிக்கு 1955இல் போன எரிவாயு குவெட்டாவுக்கு 1980களில்தான் வந்தது. இதையும் சர்தார்தான் தடுத்தாரா? இஸ்லாமாபாத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டீர்கள். 2010இல் 18ஆம் திருத்தம் கொண்டுவந்து, 5 வயது முதல் 16 வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று அரசியல் சாசனத்தில் 25ஏ என எழுதிவைத்தார்கள். எழுதினால் ஆயிற்றா? பாகிஸ்தானின் பரப்பில் 44 சதவீதம் அந்த மாகாணம். ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் நடுவில் மலை. காகிதத்தில் மட்டும் இருக்கும் பள்ளி, சம்பளம் மட்டும் வாங்கும் வாத்தியார் என்று அங்கே பேய்ப்பள்ளிகள் ஊரறிந்த கதை. பேயை வளர்த்தது கல்வித்துறை. சர்தார் இல்லை.

ஜீப் பந்தயம் பற்றி ஏன் பேச்சு? 1930களில் பள்ளி திறந்தவர் யார் என்றால் இன்றைக்கு ஜீப் ஓடுகிறது என்கிறார். 1935இல் மண்ணுக்குள் போனவரா ஜீப் ஓட்டுகிறார்?

கணக்குப்பிள்ளை:
பேய் வாத்தியாரை வேலைக்குப் போடச் சொல்லிச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தது யார்? அவ்வளவுதான் கேட்கிறேன்.

வாசகன்77:
படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், பொறுக்கவில்லை. 1876, 1930 என்றே சுற்றுகிறீர்கள். வாத்தியார்களைச் சுட்டது யார்? ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2010 டிசம்பர் அறிக்கையைப் பாருங்கள். 2008 ஜனவரியிலிருந்து 2010 அக்டோபர் வரை குறைந்தது 22 ஆசிரியர்களும் கல்வி ஊழியர்களும் கொல்லப்பட்டிருக்கிறார்கள். பலர் பல வருடமாக அங்கேயே குடியிருந்த பஞ்சாபி வாத்தியார்கள். செய்தது சர்தாரா, சண்டேமனா? பலூச் ஆயுதக் குழுக்கள். உயிருக்குப் பயந்து எத்தனையோ பேர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். 2014இல் பஞ்ச்கூரில் வேறொரு கூட்டம், மதத்தின் பெயரால், பெண்பிள்ளைகளை அனுப்பாதே என்று தனியார் ஆங்கிலப் பள்ளிகளை மிரட்டி மூடவைத்தது.

எழில்:
கடைசியில் ஒரு ஆளாவது பெண்பிள்ளை என்ற வார்த்தையைத் தட்டினார். அந்தப் பஞ்ச்கூரில் பெற்றோர்கள் பள்ளியைத் திறக்கச் சொல்லித் தெருவில் இறங்கினார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படிப்பு வேண்டாம் என்று அந்த மக்கள் எப்போது சொன்னார்கள்?

கரிசல்காடு:
வாசகன்77 புதுப் பெயர். பதிவு எண்ணிக்கை ஒன்று. கணக்குப்பிள்ளைக்கு இரண்டாவது கணக்கு இருக்கிறது என்று போன வருடமே சொன்னேன்.

வாசகன்77:
நான் வேற ஆள் சார். நாகர்கோவில். வேண்டுமானால் நெறியாளரைக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எனக்கு ஒரு கணக்கைப் பார்க்கவே நேரமில்லை. 22 வாத்தியார்கள் செத்ததைச் சொன்னால் இவர் பதிவு எண்ணிக்கை பார்க்கிறார். ஒரு வரி வருத்தம் இல்லை.

கரிசல்காடு:
வருத்தம் உண்டு. நாசிமா தாலிப் என்ற பேராசிரியை, பலூச்சிஸ்தான் பல்கலைக்கழகம், 2010 ஏப்ரலில் சுட்டார்கள். அடுத்த வருடம் ஜூனில் அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சபா தஷ்தியாரியையும் சுட்டார்கள். கராச்சி மலீரில் சயாத் ஹாஷ்மி பெயரில் பலூச்சி நூலகம் உண்டாக்கிய மனிதர். முதல் பெயரை மட்டும் சொல்லி இரண்டாவதை விழுங்குகிறவர்கள் எனக்கு வருத்தம் சொல்லித்தர வேண்டாம்.

வாசகன்77:
நான் இரண்டு பெயரையுமே சொல்லவில்லையே?

திராவிடச் சிங்கம்:
நான் மதியம் போட்ட பதிவு எங்கே? மெஹர்கர் பற்றிப் பெரிதாக எழுதியிருந்தேன். யார் தூக்கியது?

நெறியாளர்:
மெஹர்கர் பதிவு இழைக்குத் தொடர்பில்லாததால் "தொல்லியல்" பகுதிக்கு மாற்றப்பட்டது. தனிநபர் பூர்வீகம் பற்றிய வரி நீக்கப்பட்டது. அனைவரும் தலைப்பில் நிற்கவும்.

திராவிடச் சிங்கம்:
ஜல் மக்சியும் மெஹர்கரும் ஒரே கச்சி சமவெளி! இது எப்படித் தொடர்பில்லாமல் போகும்? இங்கே தமிழுக்கு மட்டும்தான் கத்தரிக்கோல்.

மஸ்கட் ரவி:
இவ்வளவு பேசினீர்கள், ஈரான் பக்கத்து பலூச்களை யாரும் தொடவில்லையே. 1928இல் ரேசா ஷா படை போய் தோஸ்த் முகம்மது கானை வீழ்த்தியது. அதற்குப் பின்னால்தான் மெல்ல அரசாங்கப் பள்ளி போயிற்று, பாடம் முழுக்க பாரசீகம். 1963க்கு அப்புறம் அறிவுப்படை என்று ஒன்று. உயர்நிலைப் பள்ளி முடித்த பையன்களைப் பட்டாளச் சேவைக்குப் பதிலாகக் கிராமத்து வாத்தியாராக அனுப்பினார்கள். என்னோடு வேலை பார்க்கும் சாபஹார்க்காரர் ஒருவரின் அப்பா அப்படி வந்த வாத்தியாரிடம்தான் எழுத்து கற்றாராம். வாத்தியாருக்கு பலூச்சி தெரியாது, பிள்ளைகளுக்குப் பாரசீகம் தெரியாது. முதல் வருடம் முழுக்க சைகைதான் என்பார்.

கரிசல்காடு:
அருமை தம்பி. இதற்குத் தனி இழை திறக்கிறேன், "ஷாவின் பள்ளிகள்". என்னிடம் நிறையச் சரக்கு இருக்கிறது. கணக்குப்பிள்ளை அந்தப் பக்கம் வரவேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
கட்டாயம் வருவேன். அங்கேயும் சர்தார்கள் உண்டு.